ஹீலியோஸ் 44-2: சாம்பலாகிப்போன ஒரு அம்மியின் கதை

சித்திரை மாதக் காலை, பத்து மணி இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் பெரியம்மாவின் ஓட்டு வீடு. தாழ்வாரத்துத் தூணோரம் உட்கார்ந்து முல்லை தொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முற்றம், அதில் கொட்டுகிற வெயில். எதிர்த் தாழ்வாரத்து ஓட்டுக்கு மேலே வெளுத்த வானம். நான் உள்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்து, பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸின் துளையை எஃப்/2.8-இல் வைத்து (எண் குறையக் குறையத் துளை பெரிது) நாலைந்து படம் எடுத்தேன்.

திரையில் பார்த்தால் படம் முழுக்கப் பாலை ஊற்றிவிட்டது போல இருந்தது. பெரியம்மா பக்கத்தில் கிடந்த அம்மி, தலைமுறை தலைமுறையாக அரைத்து எண்ணெய் ஏறிய கன்னங்கரேல் கல், படத்தில் அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. நெற்றிக் குங்குமம் ரோஸ் பவுடர். அதே இடத்திலிருந்து போனில் எடுத்த படத்தில் அம்மி அம்மியாகவே இருந்தது.

பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னடா இது, எனக்குத்தான் கண்ணுல புரைன்னா உன் கேமராவுக்குமா? ஆபரேசனுக்கு முன்னாடி எனக்கும் வாசல் பக்கம் பாத்தா இப்படித்தான் பாலாத் தெரியும்."

நானோ "பழைய லென்ஸ் அப்படித்தான் பெரியம்மா, கோட்டிங் பத்தாது" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பாதி அவர் சொன்னதுதான் சரி என்று தெரிய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் என்ன பார்த்தேன், எதைக் கழற்றினேன், எதனால் பலன், எதனால் வெறும் வேலை என்பதுதான் இந்தக் குறிப்பு.

இரண்டு நோய், ஒரே பெயர்

ஃப்ளேர் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது இரண்டு வேறு விஷயங்களை. ஒன்று கோஸ்ட். விளக்கோ சூரியனோ படச் சட்டத்துக்குள் அல்லது விளிம்பில் இருக்கும்போது, படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகும் ஒரு கோட்டில் வரிசையாக விழுகிற வட்டங்களும் பலகோணங்களும். அதற்கு உருவம் உண்டு, இடம் உண்டு, நிறம் உண்டு. இன்னொன்றுக்கு உருவமே கிடையாது. படம் முழுக்கச் சீராகப் பரவி, கறுப்பைச் சாம்பலாக்கி, நிறத்தை வெளுக்க வைக்கும். இதை இங்கே வெளிறல் என்றே சொல்கிறேன்.

கோஸ்டைப் பலர் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஹீலியோஸுக்கு இன்று இருக்கும் கிராக்கியில் பாதி அதற்கும், பின்னணியில் சுழல்கிற அந்த மங்கலுக்கும்தான். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் வெளிறலை யாரும் விரும்பி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "அது அந்த லென்ஸின் குணம்" என்று விட்டுவிடுவதால் சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறு குணச்சித்திரமாகிவிடுகிறது.

கண்ணாடி எவ்வளவு பொறுப்பு?

முதலில் நான் சந்தேகப்பட்டது கண்ணாடியை. அந்தச் சந்தேகம் ஆதாரமில்லாததும் அல்ல.

ஹீலியோஸ் 44-இன் பூர்வீகம் ஜெர்மனியின் ஜேனா. கார்ல் ஜைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே 1930-களில் வடிவமைத்த பயோடார் 58 மி.மீ. எஃப்/2 தான் இதன் மூலம். போருக்குப் பிறகு அந்த வடிவம் சோவியத்துக்குப் போய், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் ஹீலியோஸ் ஆனது. ஜெனித் கேமராக்களோடு லட்சக்கணக்கில் வெளியே வந்தது. ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகள்: முன்னால் ஒற்றை, அடுத்து ஒட்டிய ஜோடி, நடுவில் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள்), பின்னால் ஒட்டிய ஜோடி, கடைசியில் ஒற்றை. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் மொத்தம் எட்டு.

இந்த எட்டு என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1896-இல் அதே ஜைஸில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானாருக்கும் எட்டுப் பரப்புதான். பிழைத் திருத்தத்தில் அருமையான லென்ஸ். ஆனால் கோட்டிங், அதாவது கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்புவதைக் குறைக்கும் மெல்லிய பூச்சு, என்பதே இல்லாத காலம். சாதாரணக் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். எட்டுப் பரப்பைக் கடக்கும்போது மிஞ்சுவது 72 சதவீதம். போனது போய்த் தொலைந்தால் பரவாயில்லை. அதில் ஒரு பங்கு உள்ளேயே முட்டி மோதித் திரும்பிவந்து ஃபிலிமில் விழும். 1902-இல் வந்த டெஸ்ஸாருக்கு ஆறே பரப்புகள். படம் பளிச்சென்று வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஊர் டெஸ்ஸார் பின்னால் போனது. பிளானாரின் குடும்பத்துக்குக் காலம் திரும்பியது கோட்டிங் வந்த பிறகுதான்.

அந்தக் கோட்டிங்கை 1935-இல் ஜைஸில் காப்புரிமை ஆக்கியவர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, உக்ரைனில் பிறந்த இயற்பியலாளர். வெற்றிடத்தில் ஒரு உப்பைச் சூடாக்கி ஆவியாக்கி, கண்ணாடி மேல் ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிமனுக்குப் படியவிடுவது அவர் செய்தது. மெக்னீசியம் ஃப்ளோரைடு என்றால் அது ஏறக்குறைய 100 நானோமீட்டர். படலத்தின் மேற்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதற்கு ஒரு முன்கதையும் உண்டு. 1890-களிலேயே இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர், வருஷக்கணக்கில் கிடந்து நீலம் பாரித்துப்போன பழைய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்திருக்கிறார். காலம் தானாகப் பூசிய கோட்டிங் அது. ஆகவே போருக்கு முந்தைய லென்ஸ் ஏதாவது கிடைத்து, கண்ணாடியில் நீல ஊதாச் சாயல் தெரிந்தால், அழுக்கென்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள்.

என்னுடைய 44-2-இல் இருப்பது ஒற்றை அடுக்குக் கோட்டிங். ஒரு பரப்புக்கு இழப்பு ஒன்று, ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். பல அடுக்குக் கோட்டிங் பரவலானது 1970-களின் தொடக்கத்தில். பென்டாக்ஸின் டாகுமார் 1971, ஜைஸின் டி ஸ்டார் 1972. அதில் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே.

இப்போது கோஸ்ட் கணக்கு. ஒரு கோஸ்ட் உருவாக ஒளி இரண்டு முறை எதிரொளிக்க வேண்டும். 4 சதவீதத்தில் 4 சதவீதம் என்றால் மூல ஒளியில் 625-இல் ஒரு பங்கு. ஒன்றரையில் ஒன்றரை என்றால் ஏறக்குறைய 4,400-இல் ஒரு பங்கு. அரையில் அரை என்றால் 40,000-இல் ஒன்று. எட்டுப் பரப்பிலிருந்து இரண்டிரண்டாகத் தேர்ந்தால் 28 ஜோடி, அதாவது 28 கோஸ்டுகள். டிஜிட்டலில் சென்சாரின் கண்ணாடியும் பளபளப்பானது. அதையும் ஒன்பதாவது பரப்பாகச் சேர்த்தால் 36.

சூரியன் சட்டத்துக்குள் இருந்தால் 4,400-இல் ஒன்றும் பெரிய வெளிச்சம்தான். ஆனால் முற்றத்துப் படத்தில் சூரியனே இல்லை. வெளுத்த வானமும் தரையும்தான். 36 கோஸ்டுகள் எல்லாம் கூடிப் படம் முழுக்கப் பரவினாலும், கணக்குப்படி அந்த அம்மி இவ்வளவு சாம்பலாகக் கூடாது. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு ஏதோ இருக்கிறது.

செருப்பு டப்பா

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க அளவுகோல் வேண்டும். வெளிறலை அளக்க ஐ.எஸ்.ஓ. 9358 என்று ஒரு சர்வதேச தரமுறையே இருக்கிறது. சுற்றிலும் சீரான வெளிச்சம், நடுவில் ஒளியே வராத ஒரு கறுப்புப் புள்ளி, அந்தக் கறுப்பு எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது அதன் சாரம். வீட்டில் நான் செய்தது அதன் ஏழை வடிவம். செருப்பு டப்பாவின் உட்புறம் முழுக்கக் கறுப்பு வெல்வெட் ஒட்டி, ஒரு பக்கத்தில் எட்டணா அளவுக்குத் துளை போட்டேன். டப்பாவை வெள்ளைச் சார்ட் தாளுக்குப் பின்னால் வைத்து, தாளிலும் அதே இடத்தில் துளை. தாள் மேல் மாடி வெயில். கறுப்புப் பெயின்ட் பூசிய எதைவிடவும் இந்தத் துளை கறுப்பு. உள்ளே போன ஒளி திரும்பி வராது.

துளையின் அளவையும் தாளின் அளவையும் ரா கோப்பில் (கேமரா மெருகேற்றாமல் பதிந்த கோப்பு) ஒப்பிட்டால், முதல் நாள் வித்தியாசம் ஐந்து ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது. அதாவது வெள்ளையின் 32-இல் ஒரு பங்கு, சுமார் 3 சதவீதம், கறுப்பின் மேல் கொட்டிக் கிடக்கிறது. இப்போது கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸில் அந்தக் கறுப்பு இதைவிட நன்றாகவே கீழே இருந்தது.

இது வீட்டு அளவு. இந்த எண்ணை வேறு யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது. ஆனால் அதே டப்பா, அதே வெயில், அதே லென்ஸ் என்று முன்னுக்கும் பின்னுக்கும் ஒப்பிட இது போதும்.

முதலில் கழன்றது ஃபில்டர்

லென்ஸோடு ஒரு பழைய யூவி ஃபில்டரும் வந்திருந்தது. "கண்ணாடிக்குப் பாதுகாப்பு" என்று வைத்திருந்தேன். அது தட்டையான, கோட்டிங் இல்லாத கண்ணாடி, இரண்டு பரப்பு. கணக்கில் சேர்த்தால் 9 பரப்பு 11 ஆகிறது. 36 ஜோடி 55 ஆகிறது. அந்தப் புதிய ஜோடிகளில் மோசமானது ஃபில்டரும் சென்சாரும் சேர்வது. இரண்டும் தட்டை, இரண்டும் ஒன்றுக்கொன்று இணை. இரவில் தெருவிளக்கைப் படம் எடுத்தால், விளக்கின் தலைகீழ்ப் பிம்பம் நடுப்புள்ளிக்கு நேரெதிரே மிதக்கும். கோவில் திருவிழா சீரியல் விளக்குப் படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்.

கழற்றினேன். தெருவிளக்குப் பேய் அன்றிரவே ஓடிவிட்டது. டப்பாத் துளையில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை. கோஸ்டின் மருந்து வெளிறலுக்குக் கேட்காது என்பது இங்கேயே தெரிந்தது.

புரை

அடுத்து, பெரியம்மா சொன்னது. இருட்டு அறையில் லென்ஸை முழுக்கத் திறந்து எஃப்/2-இல் வைத்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பார்த்தேன். டார்ச் நேராகக் கண்ணில் படக்கூடாது. விளக்கு ஓரத்தில் இருக்க, கண்ணாடி இருட்டாகத் தெரிய வேண்டும்.

இருட்டாகத் தெரியவில்லை. குளிர்ந்த நீர் ஊற்றிய சொம்பின் மேல் படியும் ஆவியைப் போல, நடுவில் ஒரு மெல்லிய வெண்படலம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலை நோக்கிப் பிடித்துப் பார்த்தபோதெல்லாம் "கண்ணாடி மாதிரி சுத்தம்" என்றுதான் நினைத்திருந்தேன். விற்றவரும் அப்படித்தான் சொன்னார். அவரும் ஜன்னலைத்தான் பார்த்திருப்பார்.

ஃபோகஸ் திருகில் இருக்கும் பழைய கிரீஸ் பல வருஷ வெக்கையில் மெல்ல ஆவியாகி, உள்ளே குளிர்ந்த பரப்புகளில் படிகிறது. பெரும்பாலும் அபர்ச்சரை ஒட்டிய இரண்டு பரப்புகளில். என் லென்ஸிலும் அங்கேதான். எட்டு அபர்ச்சர் இதழ்களும்கூட எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தன. 44-2-இல் அபர்ச்சரைக் கையால்தான் வைக்கிறோம், இதழ்கள் தெறித்து மூடவேண்டியதில்லை. அதனால் எண்ணெய் இருந்தும் வேலையில் கோளாறு தெரியாது. தெரியாததுதான் வினை.

கண்ணில் புரை வந்தால் எதிர் வெளிச்சத்தில் பார்வை பாலாவதற்கும் இதற்கும் இயற்பியலில் வித்தியாசம் இல்லை. நேராகப் போகவேண்டிய ஒளி சிதறி எல்லாப் பக்கமும் போகிறது. கோட்டிங் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதன் மேல் இந்தப் படலம் படிந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

44-2 பழகுவதற்கு நல்ல லென்ஸ். அபர்ச்சருக்கு முன்னால் இருப்பது ஒரு தொகுதியாகவும் பின்னால் இருப்பது ஒரு தொகுதியாகவும் திருகிக் கழற்றலாம். முன் பெயர் வளையத்தை ரப்பர் அடைப்பானால் அழுத்தித் திருகினேன். ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம். எது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது என்பது அரை மணி நேரத்தில் மறந்துபோகும்.

படிந்த பரப்பின் மேல் வாயால் ஊதினேன். சுத்தமான கண்ணாடியில் ஆவி ஒரே சீராக வந்து ஓரத்திலிருந்து நடுவுக்குச் சட்டென மறையும். இதில் திட்டுத்திட்டாக, தேமல் மாதிரி நின்று நின்று மறைந்தது. பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரே துளி விட்ட காய்ச்சி வடித்த நீரில் லென்ஸ் டிஷ்யூவை நனைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டமாக ஒரு இழுப்பு. டிஷ்யூவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதில் இன்னொன்று. முதல் இழுப்பில் வானவில் நிறத்தில் எண்ணெய்க் கோலம் எழுந்தது. மூன்றாவதில் அடங்கியது. பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதுவும் டிஷ்யூவை ஈரமாக்கும் அளவுக்கு மட்டும். ஒட்டிய ஜோடிக் கண்ணாடியை ஆல்கஹாலில் ஊறப்போட்டால் ஓரம் வழியாக உள்ளே போய் ஒட்டுப் பசையைக் கரைக்கும்; அப்புறம் அந்த லென்ஸுக்கு விமோசனம் இல்லை. மறுபடி ஊதிப் பார்த்தேன். இப்போது ஆவி ஒரே வீச்சில் வந்து போனது.

இதழ்களின் எண்ணெயையும் துடைத்து, திருகி மூடி, டப்பா முன்னால் வைத்தேன். ஐந்து ஸ்டாப் கிட்டத்தட்ட ஆறு ஆகியிருந்தது. அதாவது கறுப்பின் மேல் கொட்டிக்கிடந்த ஒளியில் ஏறக்குறைய பாதி, அந்த ஆவிப் படலத்தின் வேலை. இத்தனை நாள் நான் கோட்டிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த லென்ஸ்களோடு வரும் தோல் உறையில் மட்டும் திரும்ப வைக்காதீர்கள். நம்மூர்க் காற்றில் தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் படலத்துக்குப் பதில் ஃபங்கஸ் குடியேறும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

தார் ரோடு

அடுத்த சந்தேகம் அடாப்டர். ஹீலியோஸ் எம்42 திருகில் வருகிறது. அந்த மவுண்டிலிருந்து (லென்ஸைக் கேமராவில் மாட்டும் வாய்) ஃபிலிம் வரைக்கும் 45.46 மி.மீ. தூரம் வேண்டும். என் சோனி ஈ மவுண்டில் இருப்பது 18 மி.மீ. மிச்சம் 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய்தான் அடாப்டர். அது மட்டுமல்ல, 36×24 மி.மீ. ஃபிலிமை நனைக்கிற அளவுக்கு ஒளியைக் கொண்டுவருகிற லென்ஸுக்குப் பின்னால், என் ஏபிஎஸ்-சி சென்சார் 23.5×15.6 மி.மீ. மட்டுமே. மிச்ச ஒளி எல்லாம் குழாயின் சுவரில் போய் அடிக்கிறது.

உள்ளே கறுப்புப் பெயின்ட்தானே என்று நினைத்தேன். டார்ச் அடித்து மேலிருந்து பார்த்தால் கறுப்பாகவே இருந்தது. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கே பார்த்து வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? கீழே குனிந்து பார்த்தால் தார் ரோடு கறுப்பு. எதிரே நிமிர்ந்து பார்த்தால் அதே ரோடு கண்ணைக் கூசவைக்கும் வெள்ளி. ஒளி பரப்பை ஒட்டி உரசிக்கொண்டு வந்தால் கறுப்பும் கண்ணாடியாகிவிடும். வழவழப்பான பெயின்ட் பரப்பில் நேராக விழும் ஒளியில் 4 சதவீதம்தான் திரும்பும். 85 டிகிரி சாய்ந்து உரசினால் 60 சதவீதத்துக்கு மேல் திரும்பும். குழாய்க்குள் போகும் ஒளி எல்லாமே உரசிக்கொண்டுதான் போகிறது.

ஆகவே அடாப்டரைச் சென்சாரின் கண்ணால் பார்க்க வேண்டும். லென்ஸையும் அடாப்டரையும் சேர்த்துக் கேமராவிலிருந்து கழற்றி, ஜன்னல் வெளிச்சம் காட்சிக்குச் சற்று வெளியே இருக்கும்படி பிடித்து, பின்பக்கம் சென்சாரின் மூலை எங்கே இருக்குமோ அங்கே கண்ணை வைத்துப் பார்த்தேன். லென்ஸின் வட்ட ஜன்னல் தெரிகிறது. அதைச் சுற்றிக் குழாயின் கீழ்ச்சுவரில் ஒரு பிறை. மூன்றாம் பிறை மாதிரி வளைந்து, பளிச்சென்று. கண்ணை எதிர் மூலைக்கு நகர்த்தினால் பிறையும் எதிர்ப்பக்கம் போகிறது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் இந்தப் பிறையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

முதல் வைத்தியம் வெல்வெட் பட்டை. சாதாரணப் பசையில் ஒட்டினேன். ஒரு மத்தியானம் காருக்குள் கேமராவை வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது பட்டை கழன்று சுருண்டு, சென்சார் மேல் கறுப்பு நூல் தூவிக் கிடந்தது. அது என் தப்பு. வெல்வெட்டை வெட்டிய ஓரத்துக்கும் பூச்சு போட்டிருக்க வேண்டும். இரண்டாவது முறை, பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயின்ட்டைத் தேடி வாங்கி, மெல்லிசாகச் சலித்த மரத்தூள் கலந்து இரண்டு கோட் அடித்தேன். தொலைநோக்கி கட்டுகிறவர்களின் பழைய கைவேலை இது. சொரசொரப்பான பரப்பில் உரசிப் போக ஒளிக்கு வழியில்லை. காய்ந்தபின் பெரிய தூரிகையால் நன்றாகத் தட்டி, ஒட்டாத தூளை வெளியேற்றினேன். மரத்தூளும் சென்சாருக்கு எதிரிதான்.

அதைவிடப் பலன் தந்தது ஒரு சின்ன அட்டை. குழாய்க்குள், சென்சாரிலிருந்து 25 மி.மீ. தூரத்தில், செவ்வக வாசல் வெட்டிய கறுப்பு அட்டை வளையம். வாசல் எவ்வளவு? லென்ஸின் பின்புறம் ஏறக்குறைய 30 மி.மீ. அகல ஒளி வட்டம் சுமார் 60 மி.மீ. தொலைவில் இருப்பதாக வைத்து, அதன் ஓரத்திலிருந்து சென்சாரின் ஓரத்துக்குக் கோடு போட்டால், அட்டை இருக்கும் இடத்தில் ஏறக்குறைய 26×22 மி.மீ. வருகிறது. கை நடுக்கத்துக்கு இடம் விட்டு 28×24 வெட்டினேன். எஃப்/2-இல் முழுக்கத் திறந்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்து மூலைகள் இருளவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவுக்கு இந்த அளவு பொருந்தாது, கணக்கை மறுபடி போடவேண்டும்.

மறுபடி சென்சாரின் கண்ணால் பார்த்தேன். பிறை மறைந்திருந்தது. டப்பாத் துளையின் கறுப்பு ஆறு ஸ்டாப்பிலிருந்து இன்னும் மூன்றில் ஒரு ஸ்டாப் கீழே போனது. சின்ன எண். ஆனால் டப்பாச் சோதனையில் வெள்ளைத் தாள் சட்டத்தை மட்டுமே நிறைத்தது. வெளியே நின்று உள்ளே எட்டிப்பார்க்கும் வானம் அதில் இல்லை.

வானத்துக்குக் கதவு

அந்த வானத்துக்குத்தான் ஹூட், லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் குழாய். 58 மி.மீ. லென்ஸ் என் சென்சாரில் மேலும் கீழும் பார்ப்பது மொத்தம் 15 டிகிரிதான். அதற்கு மேலே இருக்கும் வானம் படத்துக்குத் தேவையே இல்லை, ஆனாலும் முன் கண்ணாடியில் வந்து விழுகிறது. விழுந்த பிறகு அதை உள்ளே என்ன செய்தாலும் பாதி வைத்தியம்தான்.

49 மி.மீ. திருகுக்கு 58-க்கு விரியும் ஸ்டெப்-அப் வளையம் போட்டு, அதன் மேல் கண்ணாடி கழற்றிய பழைய ஃபில்டர் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகினேன். காசு குறைவு, அதோடு வளையங்களின் உட்திருகே ஒளியைப் பிடிக்கும் மேடுபள்ளம். எத்தனை வளையம் தாங்கும் என்பதை முடிவிலி ஃபோகஸில்தான் பார்க்க வேண்டும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் பார்வைக் கோணம் சுருங்கி ஏமாற்றும். எஃப்/16-இல் ஹூடின் ஓரம் கத்தியால் அறுத்தது போலத் தெரியும், எஃப்/2-இல் மூலை மெல்ல இருளும். இரண்டையும் பார்த்தேன். நான்கு வளையம் தாங்கியது, ஐந்தாவது மூலையை எடுத்தது.

வட்ட ஹூட் மூலைக்காக அகலமாக இருக்க வேண்டியிருக்கிறது. அதனால் மேலேயும் கீழேயும் தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது. வானம் இருப்பதோ மேலே. மேல் ஓரத்தில் ஒரு கறுப்பு அட்டை நாக்கை ஒட்டினேன். அசிங்கமாக இருக்கும். வேலை செய்யும்.

வீணாய்ப் போனவை

லென்ஸைத் திறந்தபோது கண்ணாடிகளின் விளிம்பில் கறுப்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்து வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. இந்தியன் இங்க்கும் மெல்லிய தூரிகையுமாக ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தொட்டுத் தொட்டு நிரப்பினேன். தத்துவப்படி சரியான வேலை. ஆனால் விளிம்பிலிருந்து உள்ளே திரும்பும் ஒளியைக் கொல்ல, பூச்சின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் எண்ணுக்கு நெருங்கி இருக்க வேண்டும். மை அந்த அளவுக்கு வராது. டப்பாத் துளையில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. பார்வைக்கு லென்ஸ் இளமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று மென்பொருள், அதில் மங்கலைக் குறைக்கும் டீஹேஸ் என்ற வசதி. "டீஹேஸ் இழுத்தால் போச்சு, இதுக்கு ஏன் லென்ஸைக் கழட்டுற" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இழுத்தால் அம்மி கறுக்கும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நிழலிலிருந்து ஒரு பிக்சலுக்கு 100 ஃபோட்டான் வருகிறது. அதன் இயல்பான தடுமாற்றம் அதன் வர்க்கமூலம், 10. வெளிறல் அதன்மேல் 300 கொட்டினால் மொத்தம் 400, தடுமாற்றம் 20. மென்பொருள் அந்த 300-ஐக் கழித்துவிடும். 20-ஐக் கழிக்க அதனால் முடியாது. மிஞ்சுவது இரட்டிப்பு நாய்ஸ் உள்ள கறுப்பு. அம்மியின் கொத்து வரிகள் வேண்டுமென்றால் அந்த 300 உள்ளே வராமலே இருக்க வேண்டும்.

கோட்டிங்கைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த விலை லென்ஸுக்கு அது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மறுபடி முற்றம்

ஆனி மாதம் திரும்பப் போனேன். அதே தூண், அதே நேரம், எஃப்/2.8. பெரியம்மாவிடம் முன்பே சொல்லிவைத்திருந்ததால் முல்லை தயாராக இருந்தது. ஹூடும் அட்டை நாக்குமாக லென்ஸைப் பார்த்துவிட்டு, "இது என்னடா, குதிரைக்குக் கண்பட்டை கட்டுன மாதிரி" என்றார். அப்படியும் எதிர் ஓட்டுக்கு மேலிருந்து ஒரு கீற்று வானம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. சமையற்கட்டு வாசலில் நின்ற சித்தியிடம், "சித்தி, அந்த முறத்தைக் கொஞ்சம் என் தலைக்கு மேல பிடிங்களேன்" என்றேன். பிடித்தார். கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராமின் (படத்தில் கறுப்பு எவ்வளவு, வெளுப்பு எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) இடதுகால் ஒரு அடி நகர்ந்து சுவரைத் தொட்டது. பழையபடி முறத்தை எடுக்கச் சொன்னேன், விலகியது. வைக்கச் சொன்னேன், தொட்டது. "வெளையாடுறியாடா?" என்றார் சித்தி.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் படத்துக்கும் இதற்கும் லென்ஸ் ஒன்றே என்று சொன்னால்தான் தெரியும். அம்மி கறுப்பு. அதன் மேல் கொத்திய புள்ளிகள் எண்ணும்படி இருக்கின்றன. குங்குமம் சிவப்பு. வானத்தைப் பார்த்துத் திருப்பினால் அந்தப் பழைய ஊதாப் பலகோணம் இன்னும் வருகிறது. அதை நான் தொடவில்லை. வேண்டுமானால் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். இந்த இடைவெளியில் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேசன் ஆகியிருந்தது. போனைத் தள்ளிப் பிடித்து, விரலால் பெரிதாக்கி, ஓரம் ஓரமாகப் பார்த்தார்.

"அம்மி நல்லா வந்திருக்கு. பூவைத்தான் ஆட்டிட்ட."

உண்மைதான். விரலும் நாரும் அசைந்திருந்தன. ஷட்டர் 1/60-இல் இருந்தது.